பொது வைஃபையும் போலிப் பெயரும்

2015ஆம் ஆண்டிலே புதிதாய் அமைந்த இலங்கை அரசாங்கம், தனது நூறு நாள் வேலைத்திட்டத்தில் பிரஜைகளுக்கு வாக்களித்தவாறு பொது ஸ்தலங்களில் இலவச வைஃபை வழங்கத் தொடங்கியபோது, நெசவாளர் ஊரான மருதமுனையில் தறியோசைக்கு நடுவே மடிக்கணினியை மடியில் வைத்திருக்கும் மாணவனும் அதில் தனக்கொரு பங்குண்டென எண்ணியிருப்பான்.

கொடுத்தவர்கள் விளக்காது விட்ட விஷயம் வேறு. நூலகமொன்றின் கடவுச்சொல் கேளாத வைஃபையின் பெயரையே சூட்டி, எவனாவது தன் கைப்பேசியிலிருந்து போலி இணைப்பொன்றைப் பரப்பினால், இணைப்புப் பட்டியலில் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. முன்பு இணைந்த பெயரென்று மடிக்கணினி தானாகவே போய் ஒட்டிக்கொள்ளவும், அனுப்பும் செய்தி போலி இணைப்புக்காரன் கண்ணில் படவும் கூடும். வங்கித் தளங்கள் முதலானவை இன்று தம் செய்தியைத் தாமே மறைகுறியாக்கி அனுப்புவதால் அபாயம் முன்னைவிடக் குறைவே. ஆயினும், தளத்தின் சான்றிதழ் சரியில்லையென உலாவி எச்சரிக்கும்போது, விண்ணப்ப முடிவுத் திகதியின் அவசரத்தில் ‘தொடர்க’ என்று அழுத்துகிறவனை அந்த ஏற்பாடு காப்பாற்றாது.

தானாக இணையும் வசதியை அணைத்து வைப்பது மாணவன் பொறுப்பு. இணைப்பின் பெயர் போலியாகவும் இருக்கலாமென்ற எச்சரிக்கையைச் சுவரிலே பெரிய எழுத்தில், தமிழ் விளக்கத்தோடு ஒட்டுவது வைஃபை நிறுவுகிறவர்களின் பொறுப்பென்பதே என் அபிப்பிராயம்.