ஆறாம் ஆண்டோடு முடிகிற அக்கறை

பதிமூன்று வயதுப் பிள்ளையைப் பற்றிப் பேச நம் சமூகத்திடம் இரண்டு வாக்கியங்கள்தான் இருக்கின்றன. 'பையன் கெட்டுப் போயிட்டான்.' 'பொண்ணு சொன்ன பேச்சு கேக்கறதில்ல.' கோயில் கூட்டத்திலும் கல்யாண விருந்திலும் இவற்றைத்தான் கேட்கிறேன். இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவன் என்பதால் என்னிடம் மட்டும் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்வார்கள்: 'தமிழ்ப்பள்ளியில படிக்கிறப்ப தங்கமா இருந்தான் சார்.'

அந்த மூன்றாவது வாக்கியத்தை யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை. தங்கமாக இருந்தவன் ஒரே ஆண்டில் தகரமாகிவிட்டான் என்றால் அவன் குணத்தை மட்டும் குடைந்துகொண்டிருப்பது என்ன நியாயம்? இடையில் அவன் எங்கே போனான், அங்கே அவனுக்கு என்ன நடந்தது என்று கேட்க வேண்டாமா?

பதின்ம வயதின் தொடக்கத்தில் பிள்ளைகளின் மனநலம் சரிவது நம் வீட்டில் மட்டும் நடக்கும் அதிசயம் இல்லை. பிரிட்டனில் 2000-க்கும் 2002-க்கும் இடையே பிறந்த பல்லாயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் 'மில்லேனியம் கோஹார்ட்' ஆய்வு உண்டு. பதினோரு வயதில் அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதையும் பதினான்கு வயதில் சொன்னதையும் ஒப்பிட்டால் பள்ளி மீதும் நட்பு மீதும் திருப்தி குறைந்திருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் குறைகிறது, இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் குறைகிறது. நம் நாட்டில் சுகாதார அமைச்சு 2022-இல் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் மனச்சோர்வு தெரிந்தது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் பத்துப் பேர்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். 'வயசுக் கோளாறு சார். எல்லாருக்கும் வர்றதுதான், தானா சரியாயிடும்.' படித்தவர்கள் இதையே 'ஹார்மோன்' என்பார்கள். யார் மீதும் பழி விழாது என்பதால் எல்லாருக்கும் பிடித்த பதில் இது.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் எழுபதுகளில் ராபர்ட்டா சிம்மன்ஸ் என்பவர் நடத்திய ஆய்வு இந்தப் பதிலை அப்போதே அசைத்துவிட்டது. டேல் பிளைத்துடன் சேர்ந்து அவர் எழுதி 1987-இல் நூலாகவும் வந்தது. அந்த நகரத்தில் இரண்டு வகைப் பள்ளிகள் இருந்தன. ஒன்றில் எட்டாம் வகுப்புவரை ஒரே இடத்தில் படிக்கலாம். மற்றதில் ஆறாம் வகுப்பு முடிந்ததும் வேறொரு பெரிய பள்ளிக்கு மாற வேண்டும். மாறிப்போன பெண்பிள்ளைகளின் தன்மதிப்பு ஏழாம் வகுப்பில் சரிந்தது. பழைய பள்ளியிலேயே இருந்தவர்களுக்கு அப்படிச் சரியவில்லை. வயதும் ஊரும் இருவருக்கும் ஒன்றுதான். மாறியது பள்ளி. பின்னர் ஜாக்குலின் எக்லஸ் என்ற உளவியலாளர் இதை இன்னும் தெளிவாக்கினார். தன்னை நம்பி ஒரு பெரியவர் அருகில் இருக்க வேண்டும், தன் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு வேண்டும் என்று பிள்ளை ஏங்கத் தொடங்கும் அதே வயதில், பெரிய பள்ளி அந்த இரண்டையும் பறித்துவிடுகிறது என்பது அவருடைய வாதம்.

இனி நம் கதைக்கு வருவோம். மில்வாக்கிப் பிள்ளைகள் மாறியது பள்ளியை மட்டும். நம் பிள்ளைகளுக்கு மொழியும் சேர்ந்து மாறுகிறது.

நம் தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 மாணவர்கள்கூட இல்லாத சிறிய பள்ளிகள். அங்கே தலைமையாசிரியருக்குப் பிள்ளையின் பாட்டி பேர்கூடத் தெரியும். மதியம் சாப்பிடவில்லை என்றால் டீச்சர் கேட்பார். ஆறு ஆண்டுகள் அப்படி இருந்துவிட்டு, ஒரு ஜனவரியிலோ மார்ச்சிலோ, ஆயிரம் இரண்டாயிரம் பேர் படிக்கும் இடைநிலைப்பள்ளியின் சபைகூடலில் போய் நிற்கிறது பிள்ளை. கணிதமும் அறிவியலும் தமிழில் படித்துக்கொண்டிருந்தது, இப்போது எல்லாம் மலாயில். ஒரு வகுப்பாசிரியர் இருந்த இடத்தில் பத்து ஆசிரியர்கள். பல பள்ளிகளில் கீழ்ப்படிவங்களுக்கு மதிய வகுப்பு. வேலைக்குப் போகும் அம்மாவும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் முகம் பார்ப்பதே இரவில்தான். அவன் பெயரைச் சரியாக உச்சரிக்க ஒருவர் இல்லை. என் வகுப்பில் ஒரு பெண் சொன்னாள்: 'அங்க நான் நல்லா பேசுவேன் சார். இங்க பேசுனா சிரிக்கிறாங்க. அதனால பேசுறதில்ல.' இவளைத்தான் ஆசிரியர் அறையில் 'பிரச்சினை இல்லாத பிள்ளை' என்கிறார்கள்.

மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாத பிள்ளைகளுக்குப் புகுமுக வகுப்பு என்ற ஓர் ஆண்டை நம் தலைமுறைகள் பல கடந்து வந்திருக்கின்றன. கூடப் படித்தவன் படிவம் ஒன்றில் இருக்க, இவன் அதற்கும் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அந்த வகுப்புக்கு 'ரிமூவ்' என்று பெயர். எங்கிருந்தோ வந்த பழைய ஆங்கிலேயப் பள்ளிச் சொல்தான் அது. ஆனால் பதிமூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லின் வரலாறு தெரியுமா? தன்னை எதிலிருந்தோ எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்பதுதான் புரியும். அந்த வகுப்புப் பையன்கள் பின்வரிசையில் ஒருவரை ஒருவர் தேடிச் சேர்ந்துகொண்டால் அதற்கு நாம் வைக்கும் பெயர் 'கேங்'.

பெண்பிள்ளைக்கு இன்னொன்றும் சேர்கிறது. பதினொன்று பன்னிரண்டு வயதில் அவள் உடம்பில் நடந்த ஒன்றை மண்டபம் எடுத்து, பேனர் அடித்து ஊருக்குச் சொல்கிறோம். அவளிடம் சம்மதம் கேட்ட வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். சடங்கு முடிந்த மறுவாரத்திலிருந்து பட்டியல் வரும்: நெட்பால் வேண்டாம், சத்தமாகச் சிரிக்காதே, யாரோடு பேசினாய். விழா எடுத்ததும் அவளுக்காகத்தான், கட்டிப் போடுவதும் அவளுக்காகத்தான் என்றால் அவள் எதை நம்புவாள்?

இதற்கெல்லாம் நம் சமூகம் கண்டுபிடித்த மருந்து தன்முனைப்பு முகாம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். மண்டபத்தில் விளக்கை அணைத்து, சோக இசையைப் போட்டு, பேச்சாளர் தழுதழுக்கும் குரலில் ஆரம்பிப்பார்: 'உன் அம்மா உனக்காக எத்தனை நாள் பட்டினி கிடந்தார் தெரியுமா?' பிள்ளைகள் தேம்பி அழுவார்கள். பிறகு அப்பா அம்மாவின் காலைக் கழுவிப் பாத பூஜை. படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டுக் கலைந்து போவோம்.

எனக்கு இந்த முகாம்கள் மீது இருப்பது வெறும் சலிப்பு இல்லை, கோபம். ராத்திரி தூக்கம் வராமல், காலையில் பள்ளி என்றாலே வயிறு கலங்கும் ஒரு பிள்ளையை உட்கார வைத்து, 'நீ நன்றி கெட்டவன்' என்று இரண்டு மணி நேரம் சொல்வதற்கு என்ன பெயர்? அந்தப் பிள்ளை ஏற்கெனவே தன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறது. நாம் அதை உறுதிப்படுத்தி அனுப்புகிறோம். அடுத்த முறை மனம் கனத்தால் அது அம்மாவிடம் வாயே திறக்காது. பட்டினி கிடந்த அம்மாவிடம் 'எனக்குச் சந்தோஷமா இல்லம்மா' என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

கைப்பேசிக்குப் பங்கில்லை என்று நான் வாதாடவில்லை. இருக்கிறது, இந்த வயதில் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் பள்ளியில் பேச ஆளில்லை, வீட்டில் ஆள் இல்லை என்ற இடத்துக்குள்தான் கைப்பேசி வந்து உட்கார்கிறது. பிடுங்கி வைத்துவிட்டால் அந்த இடத்தில் யார் உட்காரப் போகிறீர்கள் என்று பெற்றோரிடம் கேட்டால் பதில் இல்லை.

தமிழ்ப்பள்ளி என்றால் நம்மவர்கள் பொங்கி எழுவார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். கட்டடத்துக்கு நன்கொடை, நிலத்துக்குப் போராட்டம், 'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு' என்ற முழக்கம் எல்லாம் வேண்டியவைதான். முன்பு யு.பி.எஸ்.ஆர். முடிவு வந்தால் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகளின் முகங்கள் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வரும். அதே முகங்கள் மறு ஆண்டு என்ன ஆயின என்று எந்தப் பத்திரிகையும் தேடிப் போகவில்லை. 2021-இல் அந்தத் தேர்வு போனது, 2022-இல் படிவம் மூன்றின் பி.டி.3-ம் போனது. தேர்வுகள் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தேர்வு வழியாக மட்டுமே பிள்ளையைப் பார்க்கப் பழகிய சமூகம், இப்போது பன்னிரண்டு வயதில் கையை விட்டுவிட்டு எஸ்.பி.எம். எழுதும் பதினேழு வயதில்தான் மறுபடி திரும்பிப் பார்க்கிறது.

நம் எழுத்தாளர்களும் இதற்கு விலக்கில்லை. தோட்டத்துச் சிறுவயதை உருகி உருகி எழுதுகிறோம். அடுத்த கதையில் கத்தி பிடித்த இளைஞன் வந்துவிடுகிறான். நடுவில் ஓர் ஐந்தாண்டு, படிவம் ஒன்று பின்வரிசையில் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறது. அதை எழுத ஆளில்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. ஒரு பள்ளியில் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. அந்தப் பதினைந்து பேரைத் திரட்டுங்கள். தமிழ் வகுப்பு பிள்ளைக்கு ஒரு பாடம் மட்டும் அல்ல; பெயர் சரியாகக் கூப்பிடப்படும் ஓர் அறை. தமிழ்ப்பள்ளிகள் தங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பக்கத்து இடைநிலைப்பள்ளிக்கு முன்கூட்டியே அழைத்துப் போய்க் காட்டட்டும். படிவம் ஒன்றின் முதல் மூன்று மாதம் பழைய ஆசிரியர் ஒருவர் மாதம் ஒருமுறை போன் போட்டு 'எப்படிடா இருக்க?' என்று கேட்கட்டும். முகாமுக்குத் திரட்டும் பணத்தில் உண்மையான மனநல ஆலோசகர் ஒருவரை வாரம் ஒருநாள் உட்கார வைக்கலாம். பெற்றோர் சங்கக் கூட்டத்தில் மதிப்பெண் தவிர இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: என் பிள்ளைக்கு இங்கே ஒரு நண்பனாவது இருக்கிறானா?

அடுத்த முறை 'தமிழ்ப்பள்ளியில தங்கமா இருந்தான்' என்று யாராவது என்னிடம் சொன்னால் திருப்பிக் கேட்பதாக இருக்கிறேன்: அதுக்கப்புறம் அவன எத்தன பேர் போய்ப் பாத்தீங்க?