பழைய இரும்புக்காரருக்கும் ஒரு லாகின் வேண்டும்!

உங்க வீட்டு அலமாரியில எத்தனை பழைய போன் கிடக்குது? சார்ஜர், ரிமோட், ஓடாத மிக்ஸி எல்லாத்தையும் சேர்த்து எண்ணிப் பாருங்க. கடைசியில் அதை யாரிடம் போடுவீங்க? பெரும்பாலும் தெருவுக்கு வரும் பழைய இரும்புக்காரரிடம்தான்.

ஐ.நா. அமைப்புகளின் அறிக்கைப்படி, 2022-ல் மட்டும் உலகில் குவிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் உள்ளது 22.3 சதவீதம்தான்!

இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் அமலில் உள்ளன. போன், டிவி விற்கும் கம்பெனிக்கு ஆண்டுதோறும் மறுசுழற்சி இலக்கு உண்டு. மறுசுழற்சி ஆலை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் போர்ட்டலில் சான்றிதழ் உருவாக்கும். கம்பெனி அதை வாங்கிக் கணக்குக் காட்டும். எல்லாம் ஆன்லைன். நல்ல விஷயம், வரவேற்கிறோம்.

ஆனா, அந்தப் போர்ட்டலில் பதிவு செய்ய யாருக்கு இடம்? பொருளைச் செய்பவர், விற்கும் கம்பெனி, பழுது நீக்கி மறுபடி விற்பவர், மறுசுழற்சி ஆலை. அவ்வளவுதான். வீடு வீடாகப் போய்ச் சேகரிக்கும் மனிதர் அதில் இல்லவே இல்லை!

விளைவு என்ன? சரக்கு டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களுக்குப் போகுது. அங்கே செம்புக்காக ஒயரை எரிக்கிறாங்க; சர்க்யூட் போர்டை ஆசிட்டில் முக்குறாங்க. ஈயமும் நச்சுப்புகையும் அந்தத் தொழிலாளியின் உடம்புக்குள் போகுது. போர்ட்டலில் இதில் ஒரு கிலோகூடப் பதிவாகாது.

வெறும் சான்றிதழை நம்பினால் என்ன ஆகும் என்பதை பிளாஸ்டிக் கழிவில் பார்த்துட்டோம். 2023-ல் வாரியம் நடத்திய ஆய்விலேயே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் சிக்கின. கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் பொய் உண்மையாகிவிடாது.

நாம் கேட்பது மூன்று:

✅ காயலான்கடைக்காரரும் சேகரிப்பவரும் தமிழிலேயே, போனிலேயே பதிவு செய்ய வழி வேண்டும்.

✅ மூட்டைக்கு மூட்டை க்யூஆர் கோடு ஒட்டி, கடை முதல் ஆலை வரை எடையைப் பதிய வேண்டும். அந்த எடை இல்லாமல் சான்றிதழ் தரக்கூடாது.

✅ அன்றைய விலை போனில் தெரிய வேண்டும். பணம் நேராக அவர் கணக்குக்கு வர வேண்டும். எரிப்பதைவிட ஆலைக்குக் கொடுப்பது லாபம் என்றால், யாரும் விஷப்புகையைத் தேடிப் போகமாட்டாங்க.

இத்தனை காலமும் நம் குப்பையைத் தரம் பிரித்தவர் அவர்தான். அவரை விட்டுவிட்டுப் போடும் கணக்கு, எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் தப்புக் கணக்குதான்!

பழைய போனைக் குப்பைத்தொட்டியில் போடாதீங்க. உங்க பகுதி கவுன்சிலரிடம் கேளுங்க: "நம்ம வார்டு மின்கழிவு எங்கே போகுது?"

#மின்கழிவு #உழைப்பவருக்கும்_கணக்கு