தொட்டியைப் பூசுவதா, இடிப்பதா?

தண்ணீர் பிடித்து வைக்காத வீடு நம் மதுரையில் ஏது, சகோதரிகளே? எங்கள் குளியலறை சிமென்ட் தொட்டி கசிந்ததும், "இடிச்சிட்டு பிளாஸ்டிக் டிரம் வாங்கிடலாமே" என்றார் என் வீட்டுக்காரர். "கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

இரவில் நிரப்பி, மட்டத்தில் கரிக்கோடு போட்டேன். மறுநாள் தண்ணீர் இறங்கி நின்ற இடத்தில்தான் மயிரிழை விரிசல்! கொத்தனார் அதைக் கொத்தி, 1 பங்கு சிமென்ட்டுக்கு 3 பங்கு மணல், கசிவு தடுக்கும் மருந்தும் கலந்து பூசினார். 7 நாள் ஈரச்சாக்கு போட்டோம்.

உள்கம்பி துருப்பிடித்துச் சுவர் உப்பியிருந்தால் பூசிப் பயனில்லை, இடித்துவிடுங்கள்.

தொட்டியோ, டிரம்மோ, வாரம் ஒருமுறை காலி செய்து தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். சுவரில் ஒட்டிய டெங்கு கொசு முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. ஓடியாடும் குழந்தை இருந்தால் கனமான மூடியும் கட்டாயம்!