டீசேர்ட் அடிக்க முதல் என் வீட்டுப் பெட்டியைப் பாருங்க



செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை மென்பொருள் சுதந்திர தினம். 2004இல் இருந்து பல நாடுகளில் நடக்குது. நம்ம குழுவும் இந்த முறை திரியாயில் ஒரு பயிற்சி நாள் வைக்கப் போகுது, சந்தோஷம். ஆனா வட்ஸ்அப்பில் மூணு நாளா ஓடுற கதை பயிற்சியைப் பற்றி இல்ல. டீசேர்ட் என்ன நிறம், முதுகில யார்ட பேர் என்பதுதான் கதை. கட்டாரில இருக்கிற நானா ஒருத்தர் அனுப்பின சல்லியில பெரும்பகுதி அதுக்குத்தான் போகப் போகுதாம். வேணாம் என்று எழுதினேன். "டீச்சர் எல்லாத்துக்கும் குறுக்க நிக்கிறா" என்று பதில் வந்தது. சரி, ஊர் பார்க்கிற இடத்திலயே எழுதுறேன்.

குழுவைத் தெரியாதவங்களுக்கு: லிப்ரே ஒபிஸ், பயர்பொக்ஸ் மாதிரி யாரும் காசு கொடுக்காம எடுத்துப் பாவிக்கக்கூடிய, யாரும் திறந்து திருத்தக்கூடிய மென்பொருள்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பாமினியில மட்டும் டைப் பண்ணத் தெரிஞ்ச எங்களைப் போல ஆசிரியர்மாருக்கு யுனிகோட் பழக்குறோம். பழைய பாடசாலை மலர்களை ஸ்கேன் பண்ணுறோம். யாருக்கும் சம்பளம் இல்ல.

இப்ப பெட்டிக்கு வாறேன். போன வருஷம் நூறு டீசேர்ட் அடிச்சோம். மிஞ்சினதை "டீச்சர்ட வீட்டில பத்திரமா இருக்கும்" என்று கொண்டுவந்து வச்சாங்க. தையல் மெஷினுக்குக் கீழ இருக்குது. நேற்று எண்ணினேன்: 41. அதில 29 எக்ஸ்எல். அளவு கேட்டு எழுதினவங்க ஒருத்தரும் இல்ல, "பெரிசா அடிச்சா எல்லாருக்கும் சரிவரும்" என்று யாரோ முடிவெடுத்திருக்காங்க. கடற்காத்து உப்பில மடிப்பெல்லாம் மஞ்சளாகிட்டு.

ஏன் நூறு? ஸ்கிரீன் பிரிண்டில ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம் செய்யணும். பத்து அடிச்சாலும் நூறு அடிச்சாலும் அந்தச் செலவு ஒண்டுதான், அதனால கூட அடிச்சா ஒண்டின்ட விலை குறையும். கடைக்காரர் சொன்னது பொய் இல்ல. ஆனா நூறுக்குக் காசு கட்டி 59 தான் ஆள்ட உடம்புக்குப் போயிருக்கு என்றால், ஒவ்வொண்டுக்கும் பில்லில உள்ள விலையை விட கிட்டத்தட்ட 70 வீதம் கூடக் கொடுத்திருக்கோம். இதைக் கணிதப் பாட டீச்சர் சொல்லித்தான் தெரியணுமா?

அந்த 59உம் யாருக்குப் போச்சு? முதல்ல மேடையில இருந்தவங்களுக்கு, பிறகு போட்டோவுக்கு வந்தவங்களுக்கு. மலர்களை ஸ்கேன் பண்ணி, பக்கம் பக்கமா டைப் பண்ணினது ஏழு பெண் பிள்ளைகள். தங்கட போன் டேட்டாவிலதான் எல்லாத்தையும் ஏற்றினாங்க. ஒரு பிள்ளை பிறகு வந்து "டீச்சர், எங்களுக்கு ஒண்டும் இல்லையா?" என்று கேட்டா. பெட்டியைத் திறந்து கொடுத்தேன். அரைக்கை எக்ஸ்எல். அபாயாவுக்கு மேல போடுறதா, உள்ள போடுறதா? சிரிச்சிட்டு மடிச்சு எடுத்துப் போனா. இப்ப அவட வாப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போறார். அந்த ஒரு டீசேர்ட் மட்டும் பிரயோசனப்பட்டது என்று நினைக்கிறேன்.

"டீசேர்ட் இல்லாட்டி ஆள் வராது" என்கிற தம்பிமாருக்கு ஒரு பழைய கதை. டிஜிட்டல் ஓஷன் என்ற கம்பனி 2014இல் இருந்து ஒவ்வொரு ஒக்டோபரும் ஹக்டோபர்பெஸ்ட் நடத்துது. முந்தி திறந்த மூலத் திட்டங்களுக்கு நாலு திருத்தம் அனுப்பினா டீசேர்ட் கொடுத்தாங்க. 2020இல் என்ன நடந்தது? டீசேர்ட்டுக்காக ஆயிரக்கணக்கில குப்பைத் திருத்தம் வந்து குவிஞ்சது. வாசிக்கிற பக்கத்தில "அருமையான திட்டம்" என்று ரெண்டு சொல்லைச் சேர்த்துவிட்டு அனுப்பினாங்க. சும்மா வேலை செய்ற தொண்டர்கள் அதைக் கூட்டித் தள்ளுறதில நாளைச் செலவழிச்சாங்க. விரும்பிச் சேர்ந்த திட்டங்களில செய்றது மட்டும்தான் கணக்கு என்று மாசம் முடிய முதலே விதியை மாத்த வேண்டி வந்தது. ஆள் வந்தது உண்மைதான். எதுக்கு வந்தது?

இன்னொண்டு நம்ம நாட்டுக் கதை. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையை அடிச்ச பிறகு, இலங்கைத் தொண்டர்கள் சில நாளில எழுதத் தொடங்கினதுதான் சஹானா: காணாமல் போனவங்க, முகாம்கள், நிவாரணம் எல்லாத்தையும் பதியுற மென்பொருள். அடுத்த வருஷம் பாகிஸ்தான் பூகம்பத்திலயும் பாவிச்சாங்க. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதுக்குத்தான். அந்த நாட்களில அவங்க டீசேர்ட் நிறம் பற்றிக் கதைச்சிருப்பாங்களா?

நான் டீசேர்ட்டுக்கு எதிரி இல்ல. கனடாவில ஓபன் பிஎஸ்டி என்ற திட்டம் சீடியும் டீசேர்ட்டும் போஸ்டரும் விற்றே பல வருஷம் செலவைப் பார்த்துக்கொண்டது. அங்க டீசேர்ட் சல்லியைக் கொண்டு வந்தது, நம்மட்ட சல்லியைக் கொண்டு போகுது. நான் ஏ/எல் படிக்கிற நேரம் உபுண்டு சீடி இலவசமா தபாலில வந்தது. 2011இல் நிப்பாட்டிட்டாங்க. அந்த உறையைத் திறந்தா உள்ள மென்பொருளே இருந்தது. அதைப் போட்டுத்தான் நான் முதல் முதல் ஒரு கொம்பியூட்டரை உடைச்சுத் திருத்திப் பழகினேன்.

வேணும் என்கிறவங்க பேர், அளவு, கையின் நீளம் மூணையும் எழுதி முன்காசு கட்டட்டும். கட்டின எண்ணிக்கை மட்டும் அடிப்போம். முழுக்கையும் இருக்கணும். அந்த ஏழு பிள்ளைகளுக்குக் குழு கட்டட்டும், மேடைக்கு வாறவங்க தங்கடதைத் தாங்களே வாங்கட்டும். இலச்சினை விஷயத்திலயும் கவனம்: உபுண்டு, பயர்பொக்ஸ் எல்லாம் பதிவு செய்த வணிகக்குறி. மென்பொருள் திறந்தது என்றதுக்காகப் பேரையும் படத்தையும் அடிச்சு விற்க ஏலாது, அனுமதி கேட்கணும். ஸ்டிக்கர் அடிங்க, செலவு குறைவு, அளவுப் பிரச்சினை இல்ல, பிள்ளைகள் கொப்பி மட்டையில ஒட்டுவாங்க. நானாட சல்லி டேட்டாவுக்கும் ஒரு பாவிச்ச ஸ்கேனருக்கும் போகட்டும். பில்லைப் படம் எடுத்து இங்கயே போடுங்க. அது அமானிதம், அவர் கேட்காட்டியும் காட்டணும்.

பெட்டியை வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வந்து எடுங்க. 41உம் எண்ணி, அளவு எழுதின தாளோட தருவேன். எடுக்கிறவர் கையெழுத்து வச்சுட்டு எடுக்கணும்.