செத்தவங்களை வச்சுப் பாட்டுப் பாடுறதுக்குப் பேரு ஆதரவா?



வழக்கமா இங்கே அன்னதானம், உபயம், திருவிழா வேலைக்கு ஆள் வேணும்னு தான் எழுதுவேன். இன்னிக்கு பந்து விளையாட்டைப் பத்தி எழுதுறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. பந்து பாக்காத அம்மாமார்களுக்கும் புரியிற மாதிரியே எழுதுறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில்ல பெரிய வேலை. மண்டபம் கழுவி, குண்டானெல்லாம் தேச்சுக் கவுத்து வைக்க ராத்திரி பத்தரை ஆயிடுச்சு. முகம் சுளிக்காம அவ்வளவும் செஞ்சது நம்ம இளைஞர்கள் தான். அதை முதல்லயே சொல்லிடுறேன். முடிச்சிட்டு பசியோட மாமாக் கடைக்குப் போனாங்க. பெரிய திரையில லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டம். ரெண்டு பக்கத்துக்கும் ஆள் இருந்தாங்க. கேலி, கூச்சல், தே தாரிக். இதுவரைக்கும் எந்தத் தப்பும் இல்ல.

அப்புறம் யுனைடெட் பக்கம் ஒருத்தன் ஒரு பாட்டை ஆரம்பிச்சான். இங்கிலாந்து மைதானத்துல பாடுற பாட்டு. ஹில்ஸ்பரோவுல செத்த லிவர்பூல் ரசிகர்களைக் கேலி பண்ற பாட்டு. பதிலுக்கு லிவர்பூல் பக்கம் ரெண்டு பேர் கையை ரெண்டு பக்கமும் விரிச்சு விமானம் கீழே விழுற மாதிரி ஆடிக் காட்டினாங்க. அது மியூனிக் விபத்துல செத்தவங்களைக் கேலி பண்றது. யாரோ அதைப் படம் பிடிச்சு நம்ம வாட்ஸ்அப் குழுவுல போட்டுட்டாங்க. பாடினவங்க, ஆடினவங்க எல்லாரும் கோயில் தொண்டர் டீ-சட்டையில இருந்தாங்க. அதுக்குக் கீழ வரிசையா சிரிப்புப் படம். அதுல பாதி நம்ம பெரியவங்க போட்டது.

நான் "இது சரியில்ல"ன்னு ஒரு வரி எழுதினேன். உடனே பதில் வந்துச்சு. "விடுங்க தம்பி, பசங்க சும்மா பந்து பாத்து விளையாடுறாங்க." அந்த பதிலுக்குத் தான் இந்தப் பதிவு.

முதல்ல ஹில்ஸ்பரோ என்னன்னு தெரிஞ்சுக்குங்க.

1989 ஏப்ரல் 15. இங்கிலாந்துல ஷெஃபீல்ட் நகரத்துல ஹில்ஸ்பரோ மைதானம். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, லிவர்பூலும் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டும். மத்தியானம் மூணு மணிக்கு ஆட்டம். லிவர்பூல் ரசிகர்கள் நுழையிற பக்கம் வாசல் பத்தலை. வெளியே நெரிசல் தாங்க முடியாமப் போக, 2:52 மணிக்கு போலீஸ் ஒரு பெரிய கதவைத் திறந்து விடச் சொன்னாங்க. உள்ளே வந்தவங்களுக்கு நேர் எதிரே ஒரு குகை மாதிரி பாதை. அது ஏற்கெனவே நிரம்பி வழிஞ்ச நடு அடைப்புக்குப் போற பாதை. ரெண்டு ஓரத்துலயும் இடம் காலியா இருந்துச்சு. ஆனா அந்தப் பாதையை மறிச்சு, "இந்தப் பக்கம் போங்க"ன்னு ஆளைத் திருப்பி விட அங்க ஒருத்தரும் நிக்கலை. முன்னால உயரமான இரும்பு வேலி. பின்னால இருந்து ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க. 3:06-க்கு ஆட்டத்தை நிறுத்தினாங்க. அதுக்குள்ள எல்லாம் நடந்து முடிஞ்சு போச்சு.

செத்தவங்க 97 பேர். கடைசி ஆள் அன்னிக்குப் பட்ட காயத்தோட 32 வருஷம் கிடந்து 2021-இல் போய்ச் சேர்ந்தார். வயசுல ரொம்பச் சின்னவனுக்கு 10 வயசு. லிவர்பூல் கேப்டனா இருந்த ஸ்டீவன் ஜெரார்டோட உறவுக்காரப் பையன்.

இப்ப நம்ம தொண்டர்களைக் கேக்குறேன். தைப்பூசத்துக்கு பத்துமலையில தடுப்புக் கம்பி பக்கம் நின்னிருக்கீங்க தானே? 272 படியில மேலே இருந்து ஒரு கூட்டம் இறங்குது, கீழே இருந்து ஒரு கூட்டம் ஏறுது, நடுவுல காவடி நின்னு ஆடுது. அந்த நேரத்துல நெஞ்சுல ஒரு அழுத்தம் வருமே, கால் தரையில படாமலே உடம்பு நகருமே, உங்களுக்கே தெரியும். நெரிசல்ல சாகுறவங்க எல்லாரும் மிதிபட்டுச் சாகுறதில்ல. நின்ன இடத்துலயே, நெஞ்சு விரிய இடமில்லாம, மூச்சு வாங்க முடியாமச் சாகுறாங்க. ஹில்ஸ்பரோவுல நடந்தது அதுதான். மேல் மாடியில இருந்தவங்க கையைக் கொடுத்து கீழே இருந்தவங்களைத் தூக்கி எடுத்தாங்க. தடுப்பு ஓரத்துல சின்னப் பிள்ளையைத் தலைக்கு மேல தூக்கி வெளியே அனுப்புவோமே, அதே மாதிரி.

நம்ம நாட்டுலயும் நடந்திருக்கு. 1988 ஜூலை 31, பட்டர்வொர்த் படகுத்துறை. திருவிழாவுக்குப் போற கூட்டம் தாங்காம மேல்தளம் இடிஞ்சு விழுந்துச்சு. 32 பேர் போயிட்டாங்க. ஆயிரத்து அறுநூறு பேருக்கு மேல காயம். அதை வச்சு யாராவது ஒரு கேலிப் பாட்டு கட்டிப் பாடினா, பினாங்குக்காரங்க சிரிச்சுக்கிட்டு தே தாரிக் குடிப்பாங்களா? குடும்பத்தோட திருவிழாவுக்குப் போனவங்க அவங்க. ஆட்டம் பாக்கப் போனவங்க இவங்க. நாம வருஷா வருஷம் போற மாதிரியே போனவங்க. வீட்டுக்குத் திரும்பி வரலை.

இன்னொரு விஷயம். அந்தப் பாட்டு வெறும் கேலி இல்ல, அது ஒரு பொய். செத்ததுக்கு லிவர்பூல் ரசிகர்களே காரணம்னு சொல்ற பொய். சம்பவம் நடந்த நாலாம் நாள் 'தி சன்' பத்திரிகை முதல் பக்கத்துல ரசிகர்கள் மேலயே பழி போட்டுச்சு. செத்தவங்ககிட்ட திருடினாங்கன்னு கூட எழுதுச்சு. அந்தக் குடும்பங்கள் விடலை. 27 வருஷம் அலைஞ்சாங்க. 2016 ஏப்ரல்ல ஜூரி தெளிவாச் சொல்லிடுச்சு: அவங்க சட்டவிரோதமாக் கொல்லப்பட்டாங்க, ரசிகர்கள் மேல எந்தத் தப்பும் இல்ல. பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா 27 வருஷம் போராடி வாங்குன தீர்ப்பை, நாம ரோத்தி சானாய் சாப்பிட்டுக்கிட்டே ஒரு பாட்டுல தூக்கி எறியிறோம். இதுக்குப் பேரு தான் "சும்மா"வா?

மியூனிக் கதையும் கேளுங்க. லிவர்பூல் பக்கம் கையை விரிச்சு ஆடின தம்பிங்களுக்குத் தான் இது.

1958 பிப்ரவரி 6. பெல்கிரேடுல ஆட்டம் முடிச்சு ஊர் திரும்புற மான்செஸ்டர் யுனைடெட் குழு, எண்ணெய் நிரப்ப மியூனிக்ல இறங்குச்சு. ஓடுபாதையில பனிச்சேறு. ரெண்டு தடவை கிளம்பப் பாத்து முடியலை. மூணாவது தடவை விமானம் நொறுங்கிப் போச்சு. 23 பேர் இறந்தாங்க. அதுல 8 பேர் ஆட்டக்காரங்க. டங்கன் எட்வர்ட்ஸுக்கு வயசு 21. ஆஸ்பத்திரியில 15 நாள் போராடிப் போனார். சாவோட விளிம்பு வரைக்கும் போய் பிழைச்சு வந்த பயிற்சியாளர் மேட் பஸ்பி யார் தெரியுமா? ஆட்டக்காரரா இருந்த காலத்துல லிவர்பூல் சட்டையைப் போட்டு விளையாடினவர். நீங்க கையை விரிச்சு யாரைக் கேலி பண்றீங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

நம்ம ஆளு ஒருத்தரைச் சொன்னா இன்னும் நல்லாப் புரியும். ஆர். ஆறுமுகம். மலேசியாவோட கோல்கீப்பர். 'ஸ்பைடர்மேன்'னு நாடே கூப்பிட்ட நம்ம தமிழ்ப் பிள்ளை. 1980 ஒலிம்பிக்குத் தகுதி பெற்ற குழுவுல இருந்தவர். 1988-இல் கார் விபத்துல போயிட்டார். எதிர் அணிக்காரன் கார் மோதுற மாதிரி சைகை காட்டி அவரைக் கேலி பண்ணினா நீங்க எந்திரிச்சிருக்க மாட்டீங்களா? முதல் நாற்காலியை நான் தான் தூக்கியிருப்பேன்.

இப்ப எனக்கு வந்த பதில்களுக்கு ஒவ்வொண்ணா வர்றேன்.

"மைதானம்னா கத்தத் தான் செய்வாங்க, சாமியார் மடமா அது?" சரி, கத்துங்க. நானும் கத்துவேன். நடுவரைப் பாத்து "காயு"ன்னு கத்தாத மலேசியக்காரன் யாரு? மரக்கட்டைன்னு சொன்னா நடுவர் ஒண்ணும் அழிஞ்சு போயிட மாட்டார். பெனால்டியை வானத்துக்கு அடிச்சவனைக் கிண்டல் பண்ணுங்க. ஏழு கோல் வாங்கினவனை ஏழு வருஷத்துக்கு ஓட்டுங்க. 2023-இல் லிவர்பூல்கிட்ட 7–0 வாங்கினது என் அணி தான். இன்னமும் என்னை ஓட்டிக்கிட்டு தான் இருக்காங்க, நானும் வாங்கிக்கிறேன். ஆட்டத்துல நடந்ததுக்கு ஆட்டத்துல பதில் சொல்ல முடியும். செத்தவங்களுக்கு அடுத்த வாரம் ஆட்டம் இல்ல. ஒருத்தரோட தோல் நிறத்தைச் சொல்லித் திட்டுறதும் இதே கணக்கு தான். 'க'வுல ஆரம்பிக்கிற அந்த ஒரு வார்த்தையால நம்மளைக் கூப்பிட்டா நமக்கு எப்படிக் கொதிக்குது? அப்புறம் கறுப்பின ஆட்டக்காரனைப் பாத்து குரங்குச் சத்தம் போடுறவன் கூட எப்படிச் சேந்து சிரிக்க முடியும்?

"அவங்க தான் முதல்ல ஆரம்பிச்சாங்க." ரெண்டு பக்கமும் இதையே தான் சொல்லுது. 2012-இல் ஒரு ஆட்டத்துக்கு முன்னால யுனைடெட்டோட பாபி சார்ல்டன், மியூனிக்ல உயிர் தப்பினவர், லிவர்பூல் மைதானத்துக்கே போய் ஹில்ஸ்பரோ நினைவா இயன் ரஷ் கையில பூங்கொத்து கொடுத்தார். சாவைக் கண்ணால பாத்தவருக்கு அவ்வளவு மரியாதை இருந்துச்சு. அன்னிக்கே ஆட்டம் முடிஞ்ச பிறகு ரெண்டு பக்கமும் சில பேர் மறுபடி அதே அசிங்கத்தைப் பண்ணினாங்க. அந்த 7–0 ஆட்டத்துக்கு முன்னால கூட லிவர்பூலோட கிளோப்பும் யுனைடெட்டோட டென் ஹாக்கும் சேந்து, இந்தப் பாட்டெல்லாம் வேணாம்னு ரசிகர்களைக் கேட்டுக்கிட்டாங்க. நாம உயிரா நினைக்கிற அணியே வேணாம்னு சொல்லுது. அப்ப நாம யாருக்காகப் பாடுறோம்?

"சட்டத்துல இதெல்லாம் குத்தமா?" அங்கே குத்தம் தான். 2023 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்கு ஒருத்தர் 97 பேர் பத்தலைங்கிற மாதிரி சட்டை போட்டுக்கிட்டு வந்தார். 1,000 பவுண்டு அபராதம், நாலு வருஷத்துக்கு ஆட்டம் பாக்கத் தடை. ஆனா சட்டத்தைச் சொல்லித் தான் நமக்கு இது புரியணுமா?

"இங்கேருந்து பாடினா லிவர்பூல்ல யாருக்குக் கேக்கும்?" யாருக்குக் கேட்டுச்சுன்னு சொல்றேன். நம்ம குழுவுல ஒரு அக்கா இருக்காங்க. மகனை மோட்டார் விபத்துல பறிகொடுத்தவங்க. வெள்ளிக்கிழமை தவறாம வந்து பூ கட்டுறவங்க. அந்தக் காணொளியைப் பாத்துட்டு எனக்குத் தனியா போன் பண்ணினாங்க. "தம்பி, எனக்கு இங்கிலீஷ் பாட்டு புரியலை. யாரோ செத்ததைச் சொல்லியா இவங்க சிரிக்கிறாங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு வாயில பதில் வரலை. உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க.

பாட்டை ஆரம்பிச்ச தம்பிகிட்டயும் பேசினேன். திட்டலாம்னு தான் போனேன். அவன் சொன்னான்: "அண்ணே, ஹில்ஸ்பரோன்னா என்னன்னே எனக்குத் தெரியாதுண்ணே. யூடியூப்ல கேட்டேன், ராகம் நல்லா இருந்துச்சு." நான் விவரமா சொன்னதும் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. எனக்குத் தான் வெக்கமாப் போச்சு. ஏன்னா 1999-லேர்ந்து நான் யுனைடெட் ரசிகன். அந்த வயசுல நானும் இந்தப் பாட்டுக்குக் கை தட்டியிருக்கேன். எனக்கும் யாரும் சொல்லலை. ஆனா விவரம் தெரிஞ்சே சிரிப்புப் படம் போட்ட பெரியவங்களே, அவன் தப்புக்குக் காரணம் தெரியாமை. உங்க தப்புக்கு என்ன காரணம்?

கடைசியா நான் கேக்குறது மூணே விஷயம். ஒண்ணு, கோயில் சட்டை போட்டிருந்தாலும் சரி, போடாட்டியும் சரி, இந்தப் பாட்டு நம்ம வாயில வரக்கூடாது. ரெண்டு, பக்கத்து மேசையில யாராவது ஆரம்பிச்சா, சண்டை வேணாம், "தம்பி, அது செத்தவங்க விஷயம், வேணாம்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மூணு, குழுவுல இருக்கிற அந்தக் காணொளியை, வச்சிருக்கிறவங்க எல்லாரும் இன்னிக்கே அழிச்சிடுங்க. அந்த அக்கா கண்ணுல மறுபடியும் அது படக்கூடாது.

அடுத்த தைப்பூசத்துக்கு முன்னால கூட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சி வைக்கிறப்ப ஹில்ஸ்பரோவைப் பத்தி நானே சொல்லப் போறேன். ஒரு பாதையை மறிச்சு நிக்க ஒரு ஆள் இல்லாததால என்ன ஆச்சுன்னு நம்ம தொண்டர் ஒவ்வொருத்தருக்கும் தெரியணும். என் பக்கத்துல நின்னு உதவி பண்றேன்னு அந்தப் பாட்டுக்காரத் தம்பியே சொல்லியிருக்கான்.

எழுத்துல தவறு இருந்தா மன்னிச்சுக்குங்க. யார் மனசாவது புண்பட்டிருந்தா அதுக்கும் மன்னிப்பு. சொன்ன கருத்தை மட்டும் திரும்ப வாங்க மாட்டேன். சரின்னு பட்டா உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு அனுப்புங்க.

இப்படிக்கு,
உங்களில் ஒரு தொண்டன்