பந்தயக் கம்பெனிகளின் “போனஸ்” யோக்கியதை

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துத் தோழர்கள் பலர் சமீப காலமாய் நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். செல்போன் மூலம் கிரிக்கெட் பந்தயம் கட்டச் சொல்லும் கம்பெனிகள் “ஆயிரம் ரூபாய் போட்டால் ஆயிரம் இனாம்” என்றும், “முதல் பந்தயம் தோற்றால் பணம் வாபஸ்” என்றும் விளம்பரம் செய்கின்றனவே, இவற்றில் நம்பத் தகுந்த கம்பெனி எது, மோசடிக் கம்பெனி எது என்பதே அக்கேள்வியாகும்.

கேட்பவர்களை நாம் பரிகாசம் செய்யவில்லை. பணத்தைப் போடுமுன் விசாரிக்க வேண்டுமென்று தோன்றியதே நல்ல காரியந்தான். ஆனால், மோசடிக் கம்பெனியை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, சொன்ன சொல்லில் ஒரு எழுத்துக்கூடத் தவறாத பரம யோக்கியமான கம்பெனி ஒன்றை எடுத்துக்கொண்டே கணக்குப் பார்ப்போம்.

நீங்கள் 1000 ரூபாய் போடுகிறீர்கள். அவன் 1000 ரூபாய் இனாம் சேர்த்து 2000 என்று காட்டுகிறான். அதை உடனே எடுக்கலாமா என்றால் முடியாது. கீழே பொடி எழுத்தில், அதுவும் இங்கிலீஷில், ஒரு நிபந்தனை இருக்கும். போட்ட பணமும் போனசும் சேர்ந்த தொகைக்குப் பத்து மடங்கு பந்தயம் கட்டி முடித்த பிறகே பணத்தை வெளியே எடுக்கலாம் என்பது அவ்வித நிபந்தனைகளில் ஒன்று. அதாவது 20,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டியாக வேண்டும். முப்பது நாள் கெடு என்றால் தினம் 667 ரூபாய். கெடு தவறினால் போனஸ் ரத்து.

இனிப் பந்தயத்தின் விலையைப் பாருங்கள். இரண்டு அணியும் சமபலம் என்றால், 100 ரூபாய் கட்டி ஜெயித்தவனுக்கு 200 ரூபாய் கொடுப்பதுதானே நியாயம்? கம்பெனி கொடுப்பதோ 190. இதைத்தான் 1.90 என்று எழுதிக் காட்டுகிறார்கள். ஒருவன் இந்த அணிக்கு 100, மற்றொருவன் அந்த அணிக்கு 100 கட்டினால் வசூல் 200, பட்டுவாடா 190. எந்த அணி ஜெயித்தாலும் பத்து ரூபாய் கம்பெனியின் பெட்டிக்கு. ஆகவே நீங்கள் கட்டும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரி ஐந்து ரூபாய் ஒழிந்துகொண்டே இருக்கும். 20,000 ரூபாய்க்கு 1000 ரூபாய். கம்பெனி கொடுத்த இனாமும் 1000 ரூபாய்தான் என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். கொடுத்த கையாலேயே திருப்பி வாங்கிக்கொண்டான். நடுவில் முப்பது நாள் தினந்தோறும் பந்தயம் கட்டும் வழக்கத்தை மட்டும் உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறான். அந்த வழக்கத்தின் விலை எவ்வளவு என்பது அவனுக்குத் தெரியும்.

மூன்று ஆட்டங்களை ஒன்றாகக் கோத்துக் கட்டினால்தான் கணக்கில் சேரும் என்கிறவர்களும் உண்டு. மூன்றும் ஜெயித்தால்தான் காசு. அப்பொழுது அந்த ஐந்து ரூபாய் மூன்று தடவை கழிந்து, நூற்றுக்குப் பதினான்கு ரூபாய்க்கு மேல் போய்விடும். 20,000 ரூபாய்க்குச் சுமார் 2850 ரூபாய் நஷ்டம். கணக்கில் இருந்ததோ 2000! கெடு முடியுமுன்பே இனாமும் போய், உழைத்த பணமும் போய்விடும்.

“தோற்றால் வாபஸ்” என்பதிலும் பெரும்பாலும் ரொக்கம் வருவதில்லை. “இலவசப் பந்தயம்” என்று ஒரு சீட்டு வரும். 100 ரூபாய் சீட்டைக் கட்டி ஜெயித்தால் 90 ரூபாய் கிடைக்கும். அந்த நூறு திரும்பாது. தோற்றால் ஒன்றுமில்லை. ஆகவே அதன் விலை 45 ரூபாய். நூறு ரூபாய் என்று அச்சடித்திருப்பதால் அது நூறு ரூபாய் ஆகிவிடுமா?

சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்திருக்கும் இங்கிலாந்திலேயே, போனசுக்குப் பத்து மடங்குக்கு மேல் பந்தயம் கட்டச் சொல்லக் கூடாதென்று 2025ல் விதி வகுத்தார்கள். அதற்கும் மேலே கேட்டு வந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

யோக்கியமான கம்பெனியின் யோக்கியதை இது. மற்றக் கம்பெனிகளின் விஷயம் என்ன?

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல் பெற்ற சட்டப்படி செல்போன் பந்தயமே குற்றமாகும். கட்டுகிறவனுக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். டில்லி பார்லிமெண்டும் 2025 ஆகஸ்டில், பணம் வைத்து விளையாடும் ஆன்லைன் ஆட்டங்களை அடியோடு தடுக்கச் சட்டம் இயற்றிற்று. இவை இல்லாவிட்டாலும், 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 30வது பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த பணத்துக்கு வழக்குப் போட முடியாது என்கிறது. ஆகவே கம்பெனி தரவேண்டிய பணத்தைத் தரமாட்டேன் என்றால் எந்தக் கோர்ட்டுக்குப் போவீர்கள்? குராசோ தீவில் லைசென்சு வாங்கியிருக்கிறோம் என்கிறான். குராசோ தீவு எங்கிருக்கிறது? காசிமேட்டு வார்ப்பில் நின்று கூப்பிட்டால் கேட்குமா?

பணம் அனுப்பும் கணக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பெயரில் இருந்தாலும், ஜெயித்ததை எடுக்க “வரி” என்று மேலும் பணம் கட்டச் சொன்னாலும், அது போனஸ் விவகாரமல்ல, பச்சைத் திருட்டு. அந்த நிமிஷமே நிறுத்திவிட்டுச் சைபர் குற்றப் போலீசின் 1930 என்ற நம்பருக்குச் சொல்ல வேண்டியதுதான்.

நிற்க. இதில் நம் வடசென்னைக்குப் பிரத்தியேகமான சங்கதி ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஐ.பி.எல். ஆட்டங்கள் நடப்பதும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். கையில் வேலையில்லை, வீட்டில் வருமானமில்லை, மாலையில் செல்போனில் ஆட்டம், ஆட்டத்தின் நடுவே “இன்று மட்டும்” என்ற இனாம்! துறைமுக வாசலில் மணிக்கணக்காய்க் காத்திருக்கும் கண்டெய்னர் லாரி டிரைவருக்கும், ஷிப்டு முடிந்து வரும் எண்ணூர் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் இதே கதிதான். பழைய காட்டன் சூதாட்டத்தில் சீட்டு எழுதியவனும் அயோக்கியன்தான் என்றாலும், ஏமாற்றினால் மறுநாள் தெருவில் அவன் சட்டையைப் பிடிக்கவாவது முடிந்தது.

இவற்றோடு டெலிகிராமில் “இன்று ஜெயிக்கப் போவது யார்” என்று சொல்லும் புது ஜோசியர்கள் வேறு. இவர்கள் வித்தை சுலபமானது. 64 பேரில் 32 பேருக்கு ஒரு அணியின் பெயரையும், மற்ற 32 பேருக்கு எதிரணியின் பெயரையும் சொன்னால், 32 பேருக்குப் பலித்துவிடும். அடுத்த ஆட்டத்தில் அந்த 32ஐ இரண்டாக்கினால் 16, பிறகு 8. மூன்று தடவை பலித்த எட்டுப் பேரும் நான்காம் தடவை சொல்வதற்கு எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார்கள். மற்ற 56 பேர் வெட்கத்தால் வாயைத் திறக்கமாட்டார்கள். ஊர் ஜோசியன் பிழைப்பதும் இப்படித்தானே!

இவ்வளவு சொல்லியும் சந்தேகமிருக்கும் தோழர், தம்மிடம் ஆள் பிடிக்க வரும் ஏஜண்டிடம் ஒன்றே ஒன்று கேட்கட்டும். “உன் கம்பெனி கொடுக்கும் ஆயிரம் ரூபாய் இனாமை இன்றைக்கே, ஒரு பந்தயமும் கட்டாமல், ரொக்கமாய் என் கையில் கொடுப்பாயா?” அதற்கு அவன் என்ன பதில் சொல்லுகிறான் என்பதை நமக்கு எழுதியனுப்பினால் அப்படியே பிரசுரிக்கக் காத்திருக்கிறோம்.