கூத்துக் கணக்கும் மானியப் படிவமும்

கலைகளை வளர்ப்பதற்கென்று பொருளுதவி செய்யும் ஸ்தாபனங்களுக்கு நம் நாட்டில் இன்று பஞ்சமில்லை. மத்திய கலாசார அமைச்சகம் குரு-சிஷ்யப் பரம்பரைத் திட்டம் முதலியவற்றின் வாயிலாகக் குழுக்களுக்கு மானியம் வழங்குகிறது. சங்கீத நாடக அகாதெமி 1953 முதல் இயங்கி வருகிறது. நம் தமிழ்நாட்டுக்கென்று இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் தம் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டுமென்று விதித்த 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும், அவ்வாறு செலவிடத் தக்க காரியங்களின் அட்டவணையில் பாரம்பரியக் கலைகளைச் சேர்த்திருக்கிறது. இத்தனை இருந்தும், ஊர் ஊராகச் சென்று ஆடும் ஒரு தெருக்கூத்துக் குழுவோ, வாடகைக் கட்டடத்தில் பிள்ளைகளுக்கு நாகஸ்வரம் சொல்லிக்கொடுக்கும் ஒரு சிறு சங்கமோ இவற்றுள் ஒன்றையேனும் எட்டிப் பிடிப்பது அரிதாயிருக்கிறதென்றால், அதற்குக் காரணம் அவர்களுடைய வித்தையிலுள்ள குறையன்று. படிவம் கேட்கும் எண்கள் அவர்களிடம் இல்லை, அல்லது இருக்கிற எண்கள் படிவம் கேட்கிற உருவத்தில் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அப்படிவங்கள் என்ன கேட்கின்றன? சங்கம் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவு பெற்றதா, வருமான வரி விலக்குச் சான்று உண்டா, தொண்டு நிறுவனங்களுக்கான தர்பண் தளத்தில் கொடுக்கப்பட்ட எண் என்ன, கடந்த சில ஆண்டுகளின் தணிக்கை செய்த வரவு செலவு எங்கே, முன்பு வாங்கிய பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தாயிற்றா, ஆண்டுக்கு எத்தனை நிகழ்ச்சி, எத்தனை ஜனங்கள் பார்த்தார்கள் என்பன போன்றவைதாம். இவற்றுள் அநியாயமான கேள்வி ஒன்றுமில்லை. பொதுப் பணத்தைக் கொடுப்பவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பதில் தேடும் வேலை தொடங்குவது கடைசித் தேதிக்கு நாலைந்து நாள் முன்னால். அன்றுதான் பொருளாளர் வீட்டுப் பரணிலிருந்து மஞ்சள் பை இறங்குகிறது. வேன் வாடகைச் சீட்டும், ஜெனரேட்டர்காரர் துண்டுத் தாளில் கிறுக்கிக் கொடுத்த தொகையும், தேதியிடாத பந்தல் பில்லும் அதிலிருந்து வெளிவருகின்றன. பதிவுச் சான்றிதழிலும் பான் அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் சங்கத்தின் பெயர் ஓரெழுத்துக் கூடியும் குறைந்தும் இருப்பது அப்போதுதான் கண்ணில் படுகிறது. 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கிய நடிகரின் வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்பு இல்லையென்று ஆடிட்டர் திருப்பி அனுப்ப, அந்த நடிகரோ திருவண்ணாமலைப் பக்கம் எந்த ஊரில் வேஷம் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது ஒருவருக்கும் தெரிவதில்லை. இந்த அமளியில் பார்வையாளர் எண்ணிக்கைக்கான கட்டத்தில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஐந்நூறு ஐந்நூறு என்று யாரோ நிரப்பிவிடுகிறார்கள்.

அந்த ஐந்நூறைப் பரிசீலிப்பவர் நம்புவதில்லை, நம்பாததில் தவறுமில்லை. ஆயினும் உண்மையை எழுத வேண்டுமென்று சிரத்தை கொண்ட ஒரு குழு அந்தக் கட்டத்தில் எதை எழுதும் என்று சற்று யோசித்துப் பார்க்கலாம். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்குச் சீட்டும் இல்லை, வாயிலும் இல்லை. களரி கட்டி மத்தளம் முழங்கும்போது பிள்ளைகள் முன்னே வந்து பாய் விரிக்கிறார்கள். பத்து மணிக்கு மைதானம் நிறைகிறது. நள்ளிரவுக்குப் பின் பாதிப்பேர் இருந்த இடத்திலேயே தூங்கிப் போகிறார்கள். கட்டியங்காரனின் ஹாஸ்யத்துக்கு விழித்துச் சிரித்துவிட்டு மறுபடி கண்ணயர்கிறார்கள். அருச்சுனன் தபசு நடக்கும் நாளிலோ, மரத்தின் உச்சியிலிருந்து வீசப்படும் பிரசாதத்துக்காகக் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் அயலூர்களிலிருந்தும் வந்து கூடுகிறார்கள். கடைசி நாள் பட்டப்பகலில், மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் படுகளம் நடக்கையில், இரவெல்லாம் வராதவர்களும் வந்து நிற்கிறார்கள். இவர்களுள் பார்வையாளர் யார், பக்தர் யார்? தூங்கினவரைச் சேர்ப்பதா, தள்ளுவதா? குளிரூட்டிய மண்டபத்தில் நாற்காலிகளை எண்ணிக் கணக்கு முடிக்கும் நகரத்துச் சபாக்களை மனத்தில் வைத்து வரைந்த கட்டம் இது. அதில் பாரதக் கூத்து அடங்காது. இதற்காகக் கணக்கே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பத்து மணிக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை, முடியும் தறுவாயில் ஒரு தடவை கூட்டத்தைக் கண்ணளவாய் மதிப்பிட்டு, மதிப்பிட்ட விதத்தையும் கூடவே எழுதி வைத்தால், அது ஐந்நூறைவிட ஆயிரம் மடங்கு நாணயமான எண் ஆகும்.

வரவின் கதை இன்னும் சிக்கலானது. தை மாதத்தில் ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துப் பேசி முடித்த கூத்து சித்திரையில் நடக்கிறது; நடுவே, பங்குனியின் பாதியில், மார்ச் 31-ஆம் தேதியோடு அரசாங்கத்தின் நிதியாண்டு முறிந்துவிடுகிறது. அந்த முன்பணம் எந்த ஆண்டின் வரவு? ஆட்டத்தின் நடுவே ரசிகர் ஒருவர் கையில் பணத்தைக் கொடுக்க, அவருடைய பெயரும் தொகையும் சபையறியச் சொல்லப்படுகின்றனவே, அது நடிகருடைய சொந்தச் சன்மானமா, குழுவுக்கு வந்த நன்கொடையா? கூத்து நடக்கும் நாளெல்லாம் குழுவுக்குச் சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்து, விளக்குக்கு ஏற்பாடு செய்த ஊராரின் உபகாரம் பண உருவில் வரவில்லை என்பதாலேயே பேரேட்டில் ஏறாமற் போகிறது. அதை ஏற்றியிருந்தால், 'சமூகத்தின் ஆதரவு என்ன?' என்று படிவம் கேட்கும் கேள்விக்கு, கம்பெனிக் கணக்கர்கள் எழுதும் எந்தப் பதிலையும்விடக் கனமான பதில் அங்கே இருக்கும்.

இக்குழுக்களிடம் கணக்கெழுதும் பழக்கம் அறவே இல்லை என்று நினைப்பதும் பிசகு. கூத்து வாத்தியார் ஒருவரிடம், பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டுகள் அடுக்காக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்: ஊர், தேதி, ஆடிய கதை, யார் யாருக்கு என்ன வேஷம், பேசின தொகை, கைக்கு வந்தது, ஆளுக்கு எத்தனை பங்கு, அரைப் பங்கு வாங்கிய சிறுவன் எந்த மாதத்திலிருந்து முழுப் பங்குக்கு உயர்ந்தான் என்பது வரையில் பென்சிலால் எழுதியிருந்தார். குருவுக்கும் சிஷ்யனுக்கும் உள்ள தொடர்ச்சியை நிரூபிக்க அதைவிட மேலான ஆவணம் வேறென்ன வேண்டும்? ஆனால் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் அந்த நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், வேறொரு சங்கத்தின் விண்ணப்பத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார்.

பங்கு என்னும் அந்த அளவை நேற்று வந்ததன்று. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடற்பணிக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தியபோது, அவர்கள் ஒவ்வொருவருடைய பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாம் வீடு என்பதும், பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பதும், ஒருவர் இறந்தால் அந்தக் காணியை யார் பெறுவது, அவருக்குத் தகுதியில்லாவிட்டால் என்ன செய்வது என்பதும் கல்லில் வெட்டப்பட்டன. அந்த வாழ்க்கையின் தர்ம அதர்மங்கள் வேறு விவாதம். கலைஞரைப் பற்றிய விவரங்களைத் திரட்டி வைப்பது மேல்நாட்டு நிர்வாகம் நம்மேல் சுமத்திய சம்பிரதாயம் என்று முணுமுணுப்பவர்கள் அந்தக் கல்வெட்டை ஒருமுறை வாசிப்பது நல்லது.

ஆகவே மானியம் கேட்கும் குழுக்களுக்கு நான் சொல்லக்கூடியது, விண்ணப்பத்துக்காகக் கணக்கெழுதுவதை விட்டுவிட்டுத் தமக்காகக் கணக்கெழுதுங்கள் என்பதே. வாத்தியாருடைய நோட்டில் இன்னும் மூன்று பத்திகள் கூட்டினால் போதும்: கூட்டத்தின் மதிப்பீடு, ஊரார் பொருளாகக் கொடுத்தது, ரசீது எண். அது அன்றன்றே எழுதப்பட்டிருந்தால், எந்தப் படிவம் எந்த மாதத்தில் வந்தாலும் அதிலிருந்து எடுத்து எழுதிக்கொள்ளலாம்.

நஷ்டத்தை மறைக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பற்றாக்குறை தெரிந்தால் நிர்வாகம் சரியில்லை என்று எண்ணுவார்களோ என்று அஞ்சி, வரவும் செலவும் நூலிழை பிசகாமல் சமமாயிருக்கும்படி ஒப்பேற்றிய கணக்குகளைச் சங்கங்கள் அனுப்புகின்றன. நிகழ்கலைகளுக்குப் பற்றாக்குறை இயல்பு என்பதை வில்லியம் போமோல், வில்லியம் போவென் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1966-லேயே எடுத்துக்காட்டிவிட்டார்கள். ஆலையில் இயந்திரம் வந்தால் ஓராள் பத்தாள் வேலை செய்வான். நால்வர் வாசிக்க வேண்டிய இசைக்கோ இருநூறு ஆண்டுக்கு முன்பு நால்வர் தேவைப்பட்டது போலவே இன்றும் நால்வர் தேவை. உலகத்தில் கூலி உயர உயர அந்த நால்வருடைய கூலியும் உயர்ந்தாக வேண்டும் என்பது அவ்வறிஞர்களின் வாதம். பாரதம் ஆடும் குழுவுக்கு இது அட்சரம் பிசகாமல் பொருந்தும். பெருந்தொற்றால் கூத்துகள் நின்றுபோன 2020-ஆம் ஆண்டின் வரவு சரிந்ததற்கு ஒரு வாக்கியத்தில் காரணம் எழுதினால் போதாதா? அதை மூடி மெழுகப் போய்த்தான் மற்ற எண்களின்மீதும் சந்தேகம் விழுகிறது.

இனி, கொடுப்பவர்களின் கடமை. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாநிலத்தில் 2004-இல் ஓர் ஏற்பாடு தொடங்கியது: கலை அமைப்புகள் தம் வரவு செலவு, நிகழ்ச்சிகள், கட்டணம் செலுத்தியும் இலவசமாகவும் வந்தவர்கள், சம்பளக்காரர், தொண்டர் ஆகிய விவரங்களை ஆண்டுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் பதிந்துவிட்டால், அதிலிருந்து எடுத்த அறிக்கையைப் பல அறக்கட்டளைகளும் ஏற்றுக்கொள்ளும். பிற மாநிலங்களுக்கும் பரவிய அந்த ஏற்பாடு இன்று டல்லஸ் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கீழ் எஸ்.எம்.யூ. டேட்டா ஆர்ட்ஸ் என்ற பெயரில் நடக்கிறது. சிறு குழுக்களுக்கு அதுவும் பாரமே என்ற முறையீடு அங்கே எழாமலில்லை. எனினும் ஒரே கேள்வியை ஐந்து இடத்தில் ஐந்து விதமாகக் கேட்பதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல். நம் இயல் இசை நாடக மன்றம் மனம் வைத்தால், தமிழிலேயே, கூத்துக்கும் பாவைக்கூத்துக்கும் நாகஸ்வரத்துக்கும் ஏற்ற கட்டங்களோடு ஒரு பொதுப் படிவத்தை வகுத்து, கம்பெனிகளும் அறக்கட்டளைகளும் அதையே பிரமாணமாகக் கொள்ளும்படி செய்ய முடியும். தமிழில் எழுதிய கணக்கைத் தில்லிக்காக மொழிபெயர்க்க வேண்டியது கணக்கெழுதிய கலைஞருடைய பொறுப்பாக இருக்கக் கூடாது.

அதோடு, கணக்கெழுதுகிறவருக்குக் கூலி வேண்டும். இதைச் சொன்னால் முகம் சுளிக்காத கொடையாளரை நான் கண்டது குறைவு. மத்தளக்காரருக்குக் கொடுப்பார்கள், மேடைக்குக் கொடுப்பார்கள், மேடைக்குப் பின்னால் தொங்கும் பேனருக்கும் கொடுப்பார்கள். மாதத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து பேரேடு எழுதும் பட்டதாரிப் பெண்ணுக்கு மட்டும் கொடுக்க மனம் வராது. அந்நிய நாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் செய்த திருத்தம் நிர்வாகச் செலவின் வரம்பை நூற்றுக்கு ஐம்பதிலிருந்து இருபதாகக் குறைத்தது. கணக்கு வைக்கும் செலவும் அந்த இருபதுக்குள் அடங்க வேண்டியதே. கணக்குக் கேட்கும் விதிகளைப் பெருக்கிக்கொண்டே கணக்கெழுதும் கையைக் குறுக்குவது எந்த நியாயத்தில் சேர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஐந்து குழுக்கள் சேர்ந்து ஒரு கணக்கரை வைத்துக்கொண்டால், அவருடைய சம்பளத்தை நிகழ்ச்சிச் செலவாகவே ஏற்பதென்று அடுத்த நிதியாண்டின் விதிகளில் ஒரு வரி சேர்ப்பதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம். மானியம் வழங்கும் மன்றங்களின் செயற்குழுவில் ஒரு தீர்மானம் போதும்.